கூப்பனுக்குப் பின்னால் இருந்த கை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது மற்றவர்கள் வேலை. அவர்கள் எழுதி அனுப்பியதைப் பிரித்து அடுக்குவதுதான் என் வேலையாக இருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பதினைந்து வருடம் ஊரார் கடிதங்களைப் படித்திருக்கிறேனே தவிர, நானாக நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. போன மாதம் கண் பார்வை காரணமாக நான் வேலையை விட்டபோது, வாசகர் கடிதப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூவரும், "ஆபீஸ் கையெழுத்து மலருக்கு அக்கா ஏதாவது எழுதியே ஆகணும்" என்று ஒரு கட்டுக் காகிதத்தை என் கையில் வைத்துவிட்டீர்கள். மறுத்துப் பேச எனக்கு எப்போதும் வராது. வாங்கிக்கொண்டேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று உறைத்தது.

கடிதம் பிரிப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டீர்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நம் சிறுவர் பத்திரிகையில் அப்போது காந்தவேலன் படக்கதை வந்துகொண்டிருந்தது. இரும்புப் பட்டறையில் மின்னல் தாக்கி, வலது கைக்குக் காந்தசக்தி வந்துவிட்ட வீரன். ஆறு வருடம் விடாமல் வந்ததில் கதை சிக்கலாகிப் போயிருந்தது. யார் நண்பன், யார் மாறுவேடத்தில் வந்த எதிரி, எந்த மாமா செத்தவர், எந்த மாமா செத்ததுபோல நடித்தவர் என்று எனக்கே குழப்பம். புதிதாக ஒரு பிள்ளை பத்திரிகையை வாங்கினால் ஒன்றும் புரியாது. அதனால் ஆசிரியர் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். பழைய கதையை அப்படியே நிறுத்திவிட்டு, காந்தவேலன் பட்டறைக்கு முதன்முதலில் வேலைக்குப் போகும் நாளிலிருந்து கதையைப் புதிதாக ஆரம்பித்தார். பழையதைப் படிக்காதவர்களும் முதல் பக்கத்திலிருந்தே சேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் யோசனை.

புதுக் கதைக்குப் புது ஓவியர். துறையூர்க்காரர். அதற்கு முன்னால் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். இந்த வேலையை நம்பிச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்து, மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துவந்திருந்தார். காந்தவேலனுக்கு இப்போது பதினெட்டு வயது என்பதால் மீசையை எடுத்துவிட்டார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு இதழிலும் கதையின் கடைசிக் கட்டத்தில், கீழ் மூலையில், காந்தவேலனின் வலது கை நம்மை நோக்கி நீண்டிருக்கும். அடுத்த இதழில் அது எதைப் பிடிக்கப் போகிறதோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

புதுக் கதை பிடித்திருக்கிறதா என்று வாசகர்களைக் கேட்டோம். பத்திரிகையில் அச்சிட்ட கூப்பனை வெட்டி, கார்டில் ஒட்டியோ கவரில் வைத்தோ கருத்தை அனுப்ப வேண்டும். கூப்பன் இல்லாத கடிதம் கணக்கில் சேராது. இந்த விதிக்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் ஒரு போட்டிக்கு, ஒரே ஹாஸ்டல் பையன்கள் வேறு வேறு பெயரில் கட்டுக் கட்டாகக் கார்டு எழுதிப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே மையில் இருந்ததைக் கண்டுபிடித்தவள் நான்தான். கூப்பன் வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். அதோடு விட்டிருக்கலாம். "கூப்பனை எங்கே போடலாம்?" என்று ஆசிரியர் கேட்டபோது, "கதை முடியிற பக்கத்துக்குப் பின்னாலேயே போட்டுடலாம் சார். படிச்சவங்க திருப்பினதும் கண்ணில் படும்" என்றும் சொன்னேன். அவர், "நல்ல யோசனை" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

கருத்துகள் வர ஆரம்பித்தன. தினமும் இரண்டு தபால்.

"ஆறு வருடம் படித்த எங்களை முட்டாளாக்கிவிட்டீர்கள். நாங்கள் அழுது அடக்கம் செய்த மாமா, எப்படி உயிரோடு திண்டுக்கல்லுக்கு டிக்கெட் எடுக்கிறார்?"

"மீசை இல்லாதவனுக்குக் காந்தசக்தி எதற்கு?"

"இது சின்னப் பிள்ளைகளுக்கான கதை. நான் ஒன்பதாவது படிக்கிறேன்."

நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஐந்துக்கு ஒருவர் தேறுவதே கஷ்டம். கவரைப் பிரித்து உதறுவேன். கூப்பன் விழுந்தால் படித்துப் 'பிடித்தது' அடுக்கிலோ 'பிடிக்கவில்லை' அடுக்கிலோ வைப்பேன். விழாவிட்டால் நேராகக் காலடியில் இருக்கும் சாக்கு. படிப்பதில்லை. அதற்கு நேரமும் இல்லை. சாக்கு நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

ஓவியர் தினமும் பதினோரு மணிக்கு வாசலில் வந்து நிற்பார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"இன்னிக்கு எப்படிங்கக்கா?"

"இன்னும் முழுசாப் பிரிக்கலைங்க."

"பிரிச்ச வரைக்கும்?"

"கலந்துதான் வருதுங்க."

பொய். அவருக்கும் தெரியும். "மீசையை வேணா வெச்சிரட்டுமா அக்கா? ஒரு வாரத்துல முளைச்சதா வெச்சுக்குவோம்" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு உடனே போகமாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிவு என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். கணக்கு பாதகமாக இருந்தால் புதுக் கதை அந்த இதழோடு நிற்கும். பழைய கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்குப் பழைய ஓவியர் மதராஸிலிருந்து படத்தைத் தபாலில் அனுப்பிவிடுவார். துறையூர்க்காரர் மறுபடியும் பெயர்ப் பலகை எழுதப் போக வேண்டியதுதான். கணக்கு என் கையில். பன்னிரண்டு மணிக்கு இரண்டு அடுக்கையும் எண்ணி முடித்து, ஒரு காகிதத்தில் எழுதி மடித்துவைத்தேன்.

மதியம் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கையில் துணிப்பை. வாசகர் கடிதம் எங்கே பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் தயங்கினார். இரண்டு கூச்சக்காரர்கள் எதிரெதிரே நின்றால் எப்படி இருக்கும்? மேஜையைப் பார்த்தபடியே அவர்தான் முதலில் பேசினார்.

"மூணு கடுதாசி போட்டேங்க. புத்தகத்துல வர்ற கருத்து எழுதினவங்க பேர்ப் பட்டியல்ல என் பேர் வரலை. எழுத்து மோசமா இருக்கும், அதான் விட்டுட்டீங்களோன்னு..."

"கூப்பன் வெச்சீங்களா?"

"இல்லைங்க."

"கூப்பன் இல்லாம சேர்க்கமாட்டோம்னு போட்டிருக்கோமே."

"படிச்சேங்க. வெட்ட மனசு வரலை."

அவர் பையிலிருந்து புத்தகங்களை எடுத்தார். புதுக் கதை வந்த எல்லா இதழ்களையும் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டிருந்தார். பட்டறைக்காரர் கை அழுக்கு ஒரு பக்கத்திலும் இல்லை.

"நான் பெரியவனானப்புறம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டவங்க. பழைய கதையை எடுத்தா யாரு எவருன்னே விளங்காது. என் மகதான் சொல்லுவா, அதுவும் பாதிதான் சொல்லுவா. இது முதல்லேருந்து வருது. நானே படிக்கிறேன். இப்ப நான் அவளுக்குச் சொல்றேன்." கதையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "கூப்பனை வெட்டினா இந்தப் பக்கம் அவன் கை போயிடுதுங்க. காந்தம் இருக்கிறதே அந்தக் கையிலதாங்க. அது இல்லாம அவன் என்னத்துக்கு ஆவான்?"

அவர் பெயரை எழுதிக்கொண்டேன். அவர் போனபின் 'பிடிக்கவில்லை' அடுக்கிலிருந்து கவரில் வந்த ஒரு கூப்பனை எடுத்துத் திருப்பினேன். விரல்கள் விரிந்த ஒரு கை. இன்னொன்று. அதுவும் கை. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். மேஜை முழுக்க, மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட கைகள்.

கதை பிடிக்காதவனுக்கு அதை வெட்டுவதில் என்ன வருத்தம்? ஒரு நொடியில் வெட்டி அனுப்பிவிட்டான். பிடித்தவன் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்திருக்கிறான். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து எழுதியிருக்கிறான். அதை நான் உதறிப் பார்த்துவிட்டுச் சாக்கில் போட்டிருக்கிறேன்.

இதை உடனே போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கணக்கு எழுதிய காகிதம் தயாராக இருந்தது. விதிப்படி அது சரியான கணக்கு. அதைக் கொடுத்துவிட்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போயிருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். கூப்பனை அந்த இடத்தில் போடச் சொன்னது நான் என்பதும் யாருக்கும் நினைவு வந்திருக்காது. உங்களுக்கும் இப்படி ஒரு அரை மணி நேரம் என்றாவது வரும். அப்போது தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஓவியர் பதினோரு மணிக்கு நிற்கும் அந்த வாசற்படி கண்ணில் பட்டது. எழுந்துவிட்டேன்.

காலடியில் இருந்த சாக்கில் அன்று காலைத் தபால் மட்டும்தான் கிடந்தது. நிறைந்த சாக்கு முந்தைய நாள்தான் காந்தி மார்க்கெட்டில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தது. குதிரை வண்டி பிடித்துப் போனேன். தனியாக அந்தக் கடைத்தெருவுக்குள் நான் போனதே இல்லை. பழைய பேப்பர் கடை பாய் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து வந்த சாக்கு... கடுதாசி சாக்கு. திருப்பி வேணும்."

"என்னம்மா, போட்டதைத் திருப்பிக் கேக்குறீங்க? உள்ளே ஏதாச்சும் பத்திரம் கித்திரம் போயிடுச்சா?"

"இல்லைங்க. பிள்ளைங்க எழுதினது. நான் படிக்காமப் போட்டுட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாதியைக் கடலைக்காரர் காலையிலேயே பொட்டலம் மடிக்க வாங்கிட்டுப் போயிட்டாரே. மீதி அந்த மூலையில கிடக்கு. எடுத்துக்குங்க. படிச்சிட்டு அனுப்புங்க, அவசரமில்லை."

வண்டி திரும்பி வரும்போது மடியில் சாக்கை வைத்துக்கொண்டு படித்தேன். குலுக்கலில் எழுத்து ஆடியது.

"நான் இந்தப் புத்தகத்தை முதல் தடவை வாங்கினேன். எனக்குப் புரிந்தது."

"என் அண்ணன் பழைய கதையைச் சொல்லாமல் இத்தனை நாள் என்னை ஏய்த்தான். இப்போது அவனுக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும்."

"ஜீயபுரத்திலிருந்து எழுதுகிறேன். கூப்பன் வெட்டவில்லை. தங்கை அழுகிறாள். மன்னிக்கவும்."

எல்லாம் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். "கதை நன்று. கை ரொம்பப் பெரிசு" என்று ஒன்று. "மீசை வரும்வரை படிக்கமாட்டேன்" என்று ஒன்று. அந்த மீசைக் கார்டை எடுத்துப் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். நல்லதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வண்டி ஆபீஸ் வாசலில் நிற்பதற்குள் அதை எடுத்து மறுபடியும் சாக்கில் போட்டேன். வண்டிக்காரர், "ஏங்கம்மா, கண்ணுல தூசி விழுந்துடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். ஆசிரியர் அறையில் உதவி ஆசிரியரும் இருந்தார். பழைய கதைதான் வேண்டும் என்று முதலிலிருந்தே சொல்லிவந்தவர் அவர். நான் சாக்கோடும் கூப்பன்களோடும் உள்ளே போனதும் மூக்கைச் சுளித்தார்.

"கணக்கு என்னங்க?" என்றார் ஆசிரியர்.

"கணக்கு இல்லைங்க சார்."

"அஞ்சு மணிக்கு வந்து கணக்கு இல்லைன்னா என்ன அர்த்தம்?"

பேசுவதற்குப் பதில் கூப்பன்களை அவர் மேஜையில் பரப்பினேன், கைப்பக்கம் மேலே தெரியும்படி. வியர்வையில் சில என் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கூப்பன் வந்த இதழை எடுத்துக் கதையின் கடைசிப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இந்த இடத்துல கூப்பனை யார் போடச் சொன்னது?"

"நான்தான் சார்."

"நல்ல யோசனைன்னு சொன்னது யாரு?"

விரலில் ஒட்டியிருந்த கடைசிக் கூப்பனை எடுத்து மேஜையில் வைத்தேன்.

உதவி ஆசிரியர் விடவில்லை. "அதுக்காக சாக்குல கிடந்ததை எல்லாம் எண்ணணுமா? அப்ப ஹாஸ்டல் பையனுங்க கடுதாசியையும் எண்ண வேண்டியதுதான். விதின்னு ஒண்ணு எதுக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைப் பேச வைத்தது.

"எண்ண வேண்டாம் சார். பாதிக் கடுதாசி கடலைக்காரர்கிட்டப் போயிடுச்சு. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சாக்குல இருக்கிறதையும் எண்ண வேண்டாம், மேஜையில இருக்கிறதையும் எண்ண வேண்டாம். பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு நமக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

பதினைந்து வருடத்தில் அந்த அறையில் நான் ஒரே மூச்சில் பேசியதிலேயே நீளமானது அதுதான்.

ஆசிரியர் சாக்குக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்தார். 'எனக்குப் புரிந்தது' என்று எழுதியிருந்த தாள். அதை எடுப்பார் என்று நான் வைக்கவில்லை, அதுவாக வந்தது. படித்தார். மறுபடியும் கைவிட்டார். இந்தத் தடவை மீசைக் கார்டு வந்தது. அதையும் படித்துவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மூணு இதழ் போகட்டும். கூப்பனை இடம் மாத்தி மறுபடி கேப்போம்" என்றார்.

"எங்கே சார் போடறது?" என்றார் உதவி ஆசிரியர்.

"என் தலையங்கத்துக்குப் பின்னாடி போடுங்க. அதை வெட்டறதுக்கு இந்த ஜில்லாவுல ஒரு பிள்ளையும் அழாது."

உதவி ஆசிரியர்தான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

மீசையில்லாத காந்தவேலனைப் படித்துத்தான் வளர்ந்தோம் என்று உங்களில் இரண்டு பேர் என்னிடம் சொன்னீர்கள். அப்போது நான் ஏன் எழுந்து வேறு அறைக்குப் போனேன் என்று இப்போது தெரிந்திருக்கும். ஓவியரிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. சொன்னால் கையை வேறு மூலைக்கு மாற்றிவிடுவாரோ என்று பயம்.

உங்களுக்கு ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். பழக்கப்பட்ட வாசகருக்கு நமக்கு எப்படி எழுதுவது என்று தெரியும். என்ன காகிதம், என்ன கூப்பன், எங்கே கையெழுத்து எல்லாம் அத்துப்படி. புதிதாக வருகிறவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் மனசு வராது. நாம் வைக்கிற விதி அவர்களை வெளியே நிறுத்துகிறதா என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்கும் தாளுக்குப் பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு ஓவியர் வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு எப்படிங்கக்கா?" என்றார். இன்னும் பிரிக்கவில்லை என்றேன். காலைத் தபாலில் பழைய கூப்பனோடு பதினாலு கடிதமும், கூப்பன் இல்லாமல் ஒன்பதும் வந்திருந்தன. எல்லாவற்றையும் படித்தேன். சாக்கை மடித்துப் பரண்மேல் போட்டேன்.